ஹார்லெமில் ஒரு நாள்

“பிள்ளையள், உங்களில ஆர் ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறியள்?”

யாழ்ப்பாணக் கோட்டையின் வாசலில் நின்றபடி எங்கள் வழிகாட்டி கேட்ட முதற் கேள்வி இதுதான். உயர்தர வகுப்பில் வரலாறு கற்கும் 38 மாணவியரில் ஒருவரும் கை உயர்த்தவில்லை. புத்தளத்திலிருந்து இரவோடிரவாக பஸ்ஸில் வந்து, சோனகதெருவில் ஒரு தோழியின் உறவினர் வீட்டில் சுபஹ் தொழுது, பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வந்து நின்ற எங்களுக்குத் தூக்கமே இன்னும் கலையவில்லை.

“அப்ப இண்டைக்குப் போகப் போறியள். லைடனுக்குள்ளால பஸ் போகும். ஆம்ஸ்டர்டாமைக் கடலுக்கு இந்தப் பக்கம் நிண்டு பார்ப்பம். மிடெல்பர்க்கில இறங்கி வள்ளம் ஏறினால் மத்தியானத்துக்கு முதல் ஹார்லெம். பாஸ்போட் தேவையில்லை. தண்ணிப் போத்தல் இருந்தால் காணும்.”

தீவகத்தில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். எங்கள் ஆசிரியை அவரை “மாஸ்டர்” என்று அழைத்தார்; நாங்களும் அப்படியே அழைத்தோம். அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சல்ல என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கியது. நாங்கள் போகவிருந்த இடம் நயினாதீவு. ஒல்லாந்தர் வரைந்த வரைபடங்களில் அதன் பெயர் ஹார்லெம்.

இந்தக் கட்டுரையை எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு நாளில் தீவகத்தில் எவற்றைப் பார்க்கலாம், அவற்றின் பொருள் என்ன என்பதை எமது சஞ்சிகையின் வாசகியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன். மற்றக் காரணம் சொந்தமானது. என் உம்மும்மா பிறந்த மண் நயினாதீவு.

கோட்டையும் பெயர்களும்

1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கடலோரத்தில் நாற்பக்கக் கோட்டை ஒன்றைக் கட்டினர். 1658 இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் ஐந்து பக்கங்கள் கொண்ட கோட்டையாகத் திருத்திப் பெருப்பித்தனர். 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. மாஸ்டர் எங்களைச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கையில் சொரசொரவென்று தட்டுப்பட்டது முருகைக்கல். கடலில் வளர்ந்த கல்லைக் கொண்டு, கடலால் வந்தவர்கள் எழுப்பிய மதில். உள்ளே 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் இருந்தது. உள்நாட்டுப் போர் அதைக் கற்குவியலாக்கிவிட்டது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602 இல் தொடங்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம், மிடெல்பர்க், டெல்ப்ட், ரொட்டர்டாம், ஹூர்ன், என்க்ஹெய்சன் என்ற ஆறு நகரங்களில் அதன் கிளைச் சபைகள் இருந்தன. கப்பலுக்குப் பணம் போட்டவர்களும் இலாபத்தைப் பங்கு பிரித்தவர்களும் அந்த நகரங்களின் வணிகர்களே. யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் சுற்றியிருந்த தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு (இன்றைய காரைநகர்) ஆம்ஸ்டர்டாம் ஆனது. வேலணைத்தீவு லைடன், புங்குடுதீவு மிடெல்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட், நயினாதீவு ஹார்லெம்.

உண்மையான ஹார்லெம், நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே உள்ள பழைய நகரம். லினன் துணி வெளுப்பதற்கும் துலிப் பூக்களுக்கும் பெயர் பெற்றது. பிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஓவியர் வாழ்ந்த ஊர். அதன் பெரிய தேவாலயத்தில் உள்ள ஓகன் வாத்தியத்தை 1766 இல் பத்து வயதுச் சிறுவனாகிய மொசாட் வாசித்திருக்கிறார். இன்று அந்த ஊரைப் பார்க்க வருவோரை வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போகிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்த அதே 1658 இல், அமெரிக்காவில் மான்ஹற்றன் தீவின் வடக்கே அவர்கள் ஒரு கிராமத்தை அமைத்து அதற்கும் ஹார்லெம் என்றே பெயரிட்டனர். நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதி அதுதான்.

“அங்க பேர் ஒட்டிக்கொண்டுது, இங்க ஏன் ஒட்டேல்ல?” என்று மாஸ்டர் எங்களிடம் கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொன்னார். “இங்க ஏற்கெனவே சனம் இருந்தது. அதுகளிட்ட ஏற்கெனவே பேர் இருந்தது.” நெடுந்தீவு மட்டும் இன்றும் ஆங்கிலத்தில் டெல்ப்ட் என்று வழங்குகிறது. மற்றப் பெயர்கள் அநேகமாகப் பழைய வரைபடங்களோடு நின்றுவிட்டன.

யானை ஏறிய துறை

பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைத்தீவுக்குள் நுழைந்தோம். இருபுறமும் ஆழமில்லாத கடல். இடுப்பளவு நீரில் நின்று ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். தீவின் வடமேற்கு முனையில் இருப்பது ஊர்காவற்றுறை. இதன் ஆங்கிலப் பெயரான கயிற்ஸ், துறைமுகக் கரையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகளை ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் ஓட்டிவந்து, இந்தத் துறையில்தான் கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்த யானை விற்பனைக்குக் கோல்கொண்டாவிலிருந்தெல்லாம் முஸ்லிம் வணிகர்கள் வந்தனர்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடலுக்கு நடுவில், ஒரு சிறிய கோட்டை மிதப்பது போல் தெரிகிறது. பெயர் ஹம்மன்ஹீல். ஒல்லாந்தர் கண்ணுக்கு இலங்கைத் தீவு உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். யாழ்ப்பாணப் பக்கம் அதன் கால், இந்தக் கோட்டை இருக்கும் இடம் குதி. அதனால் “தொடையின் குதிகால்” என்று பெயரிட்டார்கள். இதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி “அஸ்தஃபிருல்லாஹ்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். மாஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்தோம். எங்கள் ஆசிரியை அதையும் பாடமாக்கினார்: “நமக்கு இந்த நாடு மாங்காய் மாதிரித் தெரியும், நீர்த்துளி மாதிரித் தெரியும். அவங்களுக்கு அவங்கட சாப்பாட்டு மேசை தெரிஞ்சிருக்கு. ஒரு பெயரைப் பார்த்தால் பெயர் வச்சவர் யாரென்றும் விளங்கும்.”

வள்ளத்தில்

வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவு. அதன் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவுக்கு வள்ளத்தில் ஏறத்தாழ இருபது நிமிடம்.

வள்ளத்தின் படியால் உள்ளே இறங்கிப் பலகைகளில் நெருக்கமாக உட்கார வேண்டும். டீசல் மணமும் உப்புக் காற்றும் சேர்ந்து வரும். என் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம். மடியில் வெள்ளைப் பூத்தட்டு. எதிரே பட்டுச்சேலை உடுத்த ஓர் அம்மா. கையில் அர்ச்சனைக் கூடை. நடுவே பர்தா அணிந்த நாங்கள். மூன்று சாராரையும் ஒரே அலை ஒரே மாதிரி ஆட்டியது. சிறுமி ஒருத்திக்கு வாந்தி வந்தபோது, அந்த அம்மாவின் கூடையிலிருந்த தேசிக்காய் உதவியது.

நயினாதீவு சுமார் 4 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சிறு தீவு. ஆனால் அதன் பெயர்கள் நீளமானவை. பௌத்தர்களுக்கு அது நாகதீபம். மணியாசனம் ஒன்றுக்காகச் சண்டையிட்ட இரு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் இங்கு வந்தார் என்று மகாவம்சம் கூறுகிறது. அந்த நினைவாக நாகதீப விகாரை இருக்கிறது. இந்துக்களுக்கு அது நாகபூசணி அம்மனின் தலம். போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்ட அம்மன் கோயில், ஒல்லாந்தர் காலத்தின் பிற்பகுதியில் 1788 இல் மீண்டும் கட்டப்பட்டது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இதுவே என்று கருதுவோரும் உண்டு. முஸ்லிம்களுக்கு இங்கே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகளில் அது பெரும்பாலும் வருவதில்லை.

ஒரு கல்லில் எழுதிய சட்டம்

கோயில் வீதியில் ஒரு மரநிழலில் மாஸ்டர் எங்களை உட்கார வைத்தார். கோயில் வளாகத்தினுள் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதன் படத்தையும் வாசகத்தையும் அவர் கையோடு கொண்டு வந்திருந்தார். பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து 1963 இல் வெளியிட்டார்.

கட்டளையின் சாரம் இது. வெளிநாட்டார் ஊராத்துறையில், அதாவது நாங்கள் காலையில் பார்த்த ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால், கரை சேர்ந்ததில் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால், பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. சூரிய சந்திரர் உள்ளவரை இது நிலைக்கும்படி எழுதப்பட்டது.

நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். “மாஸ்டர், யானை எங்கட நாட்டிலயே இருக்கே? எதுக்கு வெளியிலிருந்து கொண்டு வரணும்?”

“நல்ல கேள்வி. பராக்கிரமபாகு பர்மாவோட போருக்குப் போனவன். யானை வியாபாரத்தில வந்த தகராறும் அதுக்கு ஒரு காரணமெண்டு சூளவம்சம் சொல்லுது. அப்ப யானை அங்கயிருந்தும் வந்திருக்கு.”

குதிரையின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. நல்ல போர்க்குதிரை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளராது. அரபு நாடுகளிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் கப்பலில்தான் வர வேண்டும். அந்த வணிகத்தில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தனர். ஆகவே இந்தக் கல்லில் பெயரில்லாமல் நிற்கும் “உடையவன்” பல வேளைகளில் ஓர் அரபு வணிகனாகவோ தமிழ் பேசும் சோனக வணிகனாகவோ இருந்திருக்கக்கூடும்.

இச்சட்டத்தின் பெறுமதியை அறிய வேண்டுமானால் அக்கால வழக்கத்தை அறிய வேண்டும். பல கரைகளில் உடைந்த கப்பல் அரசனுக்குச் சொந்தம். புயலில் உயிர் தப்பி வந்தவன் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244 இல் வெட்டிய கல்வெட்டு, முந்திய அரசர்கள் அப்படிப் பறித்ததைக் குறிப்பிட்டு, இனி வரி தவிர வேறொன்றும் எடுப்பதில்லை என்று உறுதி கூறுகிறது. மலபாரில் உடைந்த கப்பலின் பொருள் அரசுக்குப் போகும் என்றும், கோழிக்கோட்டில் மட்டும் அது உடையவருக்கே திரும்பக் கிடைத்ததால்தான் அவ்வூர் செழித்தது என்றும் இப்னு பதூதா எழுதியிருக்கிறார். பறிக்காத துறைக்குக் கப்பல் தேடி வரும் என்பதே இதன் பொருளாதாரம். குதிரை தேவைப்பட்ட மன்னன் குதிரைக்காரனுக்கு அரைப்பங்கை முக்காற்பங்காக்கியது அதனால்தான்.

அதே இப்னு பதூதா 1344 இல் எமது புத்தளத்துக்கும் வந்திருக்கிறார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்தி. அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியதால் இருவரும் பேசிக்கொள்ள முடிந்தது. பாவா ஆதம் மலைக்குப் போக அரசரே வழித்துணையும் ஏற்பாடு செய்தார். யாழ்ப்பாணத்தையும் புத்தளத்தையும் இணைத்து நான் அதுவரை அறிந்திருந்தது ஒரு கதையை மட்டும்தான். இன்னொரு கதையும் இருக்கிறது என்பதை அந்த மரநிழலில் அறிந்தேன்.

இன்னொன்று. பொலனறுவை மன்னன் இதை ஏன் தமிழில் எழுதினான்? அறிவித்தல் எவருக்கோ அவருக்கு விளங்கும் மொழியில் எழுத வேண்டும். இந்தத் துறையில் கணக்கெழுதியவர்களும் வணிகம் செய்தவர்களும் வாசித்த மொழி தமிழ்.

கிணற்றடி

நான் முன்பு சொன்ன, நான் அறிந்திருந்த கதை இது. உம்மும்மா நயினாதீவில் பிறந்து, யாழ்ப்பாணம் சோனகதெருவில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய வாப்பா சங்கு வியாபாரம் செய்தவர். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் தொகை 70,000 ஐ விட அதிகம். பெரும்பாலோர் புத்தளத்துக்கு வந்தார்கள். உம்மும்மா ஒரு கைப்பையோடும் என் உம்மாவின் கையைப் பிடித்தபடியும் வந்தார். பிறகு யாழ்ப்பாணத்துக்கு இரண்டு முறை போய் வந்தார். நயினாதீவுக்குப் போகவில்லை. இப்போது முழங்கால் வருத்தம். வள்ளத்துக்குள் இறங்க முடியாது.

நான் புறப்பட்ட இரவு அவர் சொன்னது இவ்வளவுதான்: “பள்ளிக்குப் பின்னால ஒழுங்கை. ரெண்டாவது வளவு. கிணத்தடியில ஒரு கல்லுத்தொட்டி கிடக்கும். பார்த்திட்டு வா மகள்.”

லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுத பிறகு, ஆசிரியையும் மாஸ்டரும் இரண்டு தோழிகளும் என்னோடு வந்தார்கள். இரண்டாவது வளவில் வீடு இல்லை. அத்திவாரக் கற்கள் வடலிகளுக்கிடையில் தெரிந்தன. கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தேன். பாழடைந்து குப்பை நிறைந்திருக்கும் என்று நினைத்தேன்; தெளிந்த தண்ணீரில் என் முகம் தெரிந்தது. தொட்டியைக் காணவில்லை.

அடுத்த வளவிலிருந்து ஓர் அம்மா வேலிக்கு வந்தார். “ஆற்ற பிள்ளையள்?” என்று கேட்டார். நான் உம்மும்மாவின் வாப்பா பெயரைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், “சங்குக்காரரின்ர பேத்தியின்ர பிள்ளையோ?” என்றார். அவர் அப்போது சிறுமியாம்.

“இது நல்ல தண்ணிக் கிணறு. இந்தத் தீவில நல்ல தண்ணி லேசில்ல. வருசத்தில ஒருக்கா இறைச்சுத் துப்புரவாக்கி விடுறனாங்கள். நாங்களும் அள்ளுறம். தொட்டி எங்கட வளவில கிடக்கு, ஆட்டுக்குத் தண்ணி வைக்கிறம். உங்கட சாமான்தானே, வேணுமெண்டால் கொண்டு போங்கோ.”

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அந்தத் தொட்டியை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. மாஸ்டர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றையும் தொட்டியையும் படமெடுத்துக்கொண்டேன். அந்த அம்மா அள்ளித் தந்த தண்ணீரை ஒரு போத்தலில் நிரப்பினேன்.

போக விரும்புவோருக்கு

எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள். யாழ்ப்பாணத்திலிருந்து காலையிலேயே புறப்பட வேண்டும். வெயில் ஏறினால் தீவில் நடப்பது கடினம். திரும்பி வரும் கடைசி வள்ளத்தின் நேரத்தை இறங்கியவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கியை வாங்கி அணியுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆனி மாதக் கோயில் திருவிழாவின்போதும் போயா நாட்களிலும் வள்ளங்களில் நெரிசல் அதிகம். மாணவியரை அழைத்துச் செல்வோர் வேறு நாளைத் தெரிவு செய்வது நல்லது. குடிநீர் கொண்டு போங்கள். கோயிலிலும் விகாரையிலும் வழிபடுவோருக்கு இடையூறில்லாமல் வெளிவீதியில் நின்று பார்க்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஊரறிந்த ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் செல்லுங்கள். அவர் இல்லாவிட்டால் நாங்கள் ஒரு கோட்டையையும் ஒரு கோபுரத்தையும் ஒரு தாதுகோபத்தையும் படமெடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். அந்தக் கல்வெட்டைப் பற்றி அறிந்திருக்கவே மாட்டோம்.

திரும்பி வந்த பிறகு

மறுநாள் உம்மும்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹார்லெம் என்ற பெயரைக் கேட்டு, “அப்பிடி ஒரு பேர் நாங்க கேள்விப்பட்டதே இல்ல” என்றார். கல்வெட்டின் கதையை மிகக் கவனமாகக் கேட்டார். கப்பல் உடைந்தவனுக்குப் பாதி, குதிரைக்காரனுக்கு முக்கால் என்றதும் விரலில் எண்ணிப் பார்த்தார். “எண்ணூறு வருசத்துக்கு முதலேயா?” என்று மட்டும் கேட்டார்.

படங்களைக் காட்டினேன். தொட்டியில் ஆடு தண்ணீர் குடிக்கும் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“குடிக்கட்டும். அது தண்ணிக்கு வச்ச தொட்டிதானே.” பிறகு போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். “கிணறு இறைக்கிற பிள்ளையின்ர பேர் என்ன?”

நான் கேட்கவில்லை.

ஒல்லாந்தர் எத்தனை தீவுகளுக்கு என்னென்ன பெயர் வைத்தார்கள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். மன்னர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்தேன். எங்கள் கிணற்றை இத்தனை வருடமாகத் தூர்ந்துபோகாமல் காத்தவரின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. உம்மும்மா என்னைக் கோபிக்கவில்லை. “அடுத்த முறை கேட்டுக்கொண்டு வா, என்ர ஸலாமையும் சொல்லு” என்றார்.

வாசகத் தோழியரே, எம்மில் பலருடைய வீடுகளில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று ஏதோவோர் ஊரின் பெயர் இன்னும் பேசப்படுகிறது. அதைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே ஒழுங்கையையும் வளவையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவர்களிடம் பேசுங்கள். என்னைப் போல் மறந்துவிடாமல், அவர்களுடைய பெயரையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.